ரிவ்யூ எழுதினேன், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் 34,000 ரூபாய்க்கு ஒரு சோபா வாங்கினேன். தேக்குச் சட்டம் என்றார்கள். மூன்றாவது வாரம் ஒரு கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அடித்துணியைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே பிளைவுட், அதுவும் ஓரம் உப்பிப் போனது. கடைக்காரர் நான்கு முறை போனை எடுக்கவில்லை. கோபத்தில் கூகுளில் எழுதினேன்: "தேக்கு என்று சொல்லி பிளைவுட் வைத்து விற்கிறார்கள். திருட்டுக் கூட்டம்." பத்தாம் நாள் நான்கு பக்க வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து யாருக்கு இப்படி ஒரு தாள் வந்தாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் அடித்துக் கை வலிக்கிறது. அதனால்தான் இந்தத் தொகுப்பு. நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் சட்டம் வரும் இடங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்தார்.

"ஒரு ஸ்டார்தான் சார் போட்டேன். ஜெயில்ல போட்ருவாங்களா?"

மாட்டார்கள். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

அவதூறு நம் நாட்டில் இன்னும் குற்றமாகத்தான் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லிப் போட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் தள்ளுபடி செய்துவிட்டது. முன்பு இ.பி.கோ. 499, 500 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. அதிகபட்சம் இரண்டு வருடம் வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. ஆனால் இது ஜாமீன் கிடைக்கும் குற்றம். போலீஸ் தானாக வந்து கைது செய்கிற குற்றமும் இல்லை. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் நீதித்துறை நடுவரிடம் நேரடியாகப் புகார் கொடுத்து வழக்கை நடத்தவேண்டும். இருதரப்பும் சமாதானமாகி முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

எதுவும் எழுதாமல் வெறும் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தால் அது உங்கள் அபிப்பிராயம். அதற்கும் நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

"வக்கீல் நோட்டீஸ்னா கோர்ட்டு சம்மன் மாதிரிதானே?"

இல்லை. கோர்ட்டுக்கும் அந்தத் தாளுக்கும் இன்னும் சம்பந்தமே ஏற்படவில்லை. ஒரு கட்சிக்காரர் சொன்னதைக் கேட்டு அவருடைய வக்கீல் தன் லெட்டர்ஹெட்டில் எழுதிய கடிதம், அவ்வளவுதான். சம்மனில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி, முத்திரை எல்லாம் இருக்கும். நோட்டீஸில் "ஏழு நாட்களுக்குள்" என்று போட்டிருப்பது அந்த வக்கீல் வைத்த கெடு. சட்டம் வைத்ததில்லை.

எனக்கு வந்த நோட்டீஸைச் சொல்கிறேன். முதல் பக்கம் முழுக்கக் கடையின் பெருமை. இரண்டாவது பக்கத்தில் என் ரிவ்யூவிலிருந்து "திருட்டுக் கூட்டம்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் தடித்த எழுத்தில், கீழே கோடு போட்டு. மூன்றாவது பக்கத்தில் மன உளைச்சல், 10 லட்சம் ரூபாய். நாலாவதில் மன்னிப்புக் கடிதத்தின் நகல், கையெழுத்துக்கு இடம் விட்டு. நான்கு பக்கத்திலும் தேடிவிட்டேன், "பிளைவுட்" என்ற வார்த்தை எங்குமே இல்லை. என் வக்கீல் நண்பர் அதைக் காட்டித்தான் சிரித்தார்.

"நான் எழுதினது எல்லாம் உண்மை. உண்மையை எழுதினா எப்படிங்க அவதூறு ஆகும்?"

சிவில் வழக்கில், அதாவது பணம் கேட்கும் மான நஷ்ட வழக்கில், உண்மை என்று நிரூபித்துவிட்டால் அதோடு முடிந்தது. கிரிமினல் வழக்கில் இன்னொரு படி இருக்கிறது: உண்மையாக இருப்பதோடு பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்கவேண்டும். அடுத்து வாங்கப்போகிறவர்களை எச்சரிப்பது பொதுநன்மை என்று வாதாட நல்ல இடமுண்டு. இது போக, தன்னுடைய அல்லது பிறருடைய நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்கும், இன்னொருவரை எச்சரிக்கச் சொன்னதற்கும் அந்தப் பிரிவிலேயே தனித்தனி விதிவிலக்குகள் இருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், உண்மை என்று நிரூபிக்கிற வேலை எழுதியவர் தலையில்தான் விழும். "எனக்குத் தெரியும்" என்பது கோர்ட்டில் செல்லாது. பில், கிழிந்த துணிக்குள் பிளைவுட் தெரிகிற போட்டோ, போன் செய்த தேதிகள், வாட்ஸ்அப்பில் "நாளைக்கு ஆள் அனுப்புறோம்" என்று அவர்கள் சொன்னது, இதெல்லாம் கையில் இருந்தால்தான் நீங்கள் சொல்வது உண்மை என்று ஏறும். ரிவ்யூ எழுதுவதற்கு முன்னாலேயே இவற்றை ஒரு இடத்தில் சேர்த்துவிடுங்கள். பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். கடைக்காரர் தரும் தெர்மல் பேப்பர் பில் ஆறு மாதத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

"அப்போ 'திருட்டுக் கூட்டம்'னு எழுதினது உங்க தப்புதானா?"

என் தப்புதான். "பிளைவுட் வைத்திருக்கிறார்கள்" என்பதை என்னால் காட்ட முடியும். "திருட்டு" என்று சொல்லிவிட்டால், அவர்கள் தெரிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் காட்டவேண்டும். ஒருவேளை கடைக்காரரையே பட்டறைக்காரர் ஏமாற்றியிருக்கலாம், எனக்கென்ன தெரியும்? கருத்து என்று தப்பிக்கலாமே என்றால், கருத்துக்கும் ஒரு அடிப்படை உண்மை கண்ணுக்குத் தெரியவேண்டும். "இவ்வளவு கொடுத்து இது எனக்குக் கட்டுப்படியாகவில்லை" என்பது கருத்து. "இவன் திருடன்" என்பது ஒரு குற்றச்சாட்டு.

பிறகு அதை இப்படித் திருத்தினேன்: "மார்ச்சில் 34,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லில் தேக்குச் சட்டம் என்று இருக்கிறது. மூன்றாம் வாரம் கால் உடைந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது பிளைவுட், படம் கீழே. நான்கு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. இந்தக் கடையில் இனி வாங்க மாட்டேன்." வசை ஒன்றுகூட இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு முந்தியதைவிட இதுதான் உறைக்கும். முதல் ரிவ்யூவுக்கு லைக்கே விழவில்லை, இதற்கு நாற்பதுக்கு மேல்.

"கம்பெனிக்கு ஏது சார் மானம்? மனுஷனுக்குத்தானே மானம்?"

இதை டீக்கடையில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. நிறுவனம், சங்கம், ஆட்களின் கூட்டம் எதைப் பற்றிச் சொன்னாலும் அவதூறாகலாம் என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

"நோட்டீஸுக்குப் பதில் போடணுமா? சும்மா இருந்தா போதுமா?"

பதில் போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆனால் போடுவது நல்லது, அதுவும் ஒரு பக்கத்துக்குள். பிற்பாடு வழக்கு என்று வந்தால், "நான் அன்றைக்கே ஆதாரத்தைக் காட்டினேன், அவர்கள்தான் வாய் திறக்கவில்லை" என்று சொல்ல அந்த ஒரு பக்கம் உதவும். நோட்டீஸ் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் தபால் தேதி இருக்கும்.

பதிலில் என்ன வாங்கினீர்கள், என்ன ஆனது, என்ன ஆதாரம் இருக்கிறது, குறையைச் சரிசெய்யக் கேட்டும் செய்யவில்லை என்பதை வரிசையாக எழுதினால் போதும். நோட்டீஸ் கிடைத்த கோபத்தில் கடைக்காரருக்குப் போன் செய்து கத்துவதுதான் எல்லோரும் செய்கிற காரியம். எதிர்முனையில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்கும். செலவுக்குப் பயந்து வக்கீலிடம் போகாமல் இருப்பவர்களுக்கு ஒன்று: மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அங்கே ஆலோசனை கேட்கக் காசு இல்லை.

"ரிவ்யூவை அழிச்சுட்டா பிரச்சனை முடிஞ்சுடுமா?"

பலருக்கு முடிந்திருக்கிறது. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வந்ததும், வழக்காடும் வசதி தனக்கில்லை என்று சொல்லி வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் எடுத்த பிறகுதான் விஷயம் நாடு முழுக்கப் பரவியது. தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அந்த வருடக் கடைசியில் நிறுவனமே சர்க்கரையைக் குறைத்தது.

சட்டப்படி பார்த்தால், நீங்கள் எழுதி நாலு பேர் படித்த அன்றே வெளியீடு நடந்துவிட்டது. அழிப்பது அதை இல்லாமல் ஆக்காது, சேதத்தைக் குறைத்ததாகக் காட்டும், அவ்வளவே. அழிப்பதென்று முடிவு செய்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதியும் எழுதிய முழு வாசகமும் தெரியவேண்டும். இல்லையென்றால் நீங்கள் எழுதியதாக அவர்கள் சொல்வதுதான் மிஞ்சும். எனக்குச் சரியென்று பட்டது நான் செய்ததுதான்: தப்பான இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டு மீதியை விட்டுவைப்பது. மன்னிப்புக் கடிதத்தில் மட்டும் அவர்கள் எழுதிக் கொடுத்தபடியே கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு வந்ததில் "நான் எழுதியது முழுவதும் பொய் என்பதை ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது.

"10 லட்சம் கேக்குறாங்க. அவ்ளோவும் கட்டணுமா?"

கேட்பதற்குக் காசு இல்லை, வழக்குப் போடத்தான் காசு. தமிழ்நாட்டில் இப்படிப் பணம் கேட்டு சிவில் வழக்குப் போட்டால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 10 லட்சம் என்றால் 30,000 ரூபாயை முதலிலேயே கட்டவேண்டும். வக்கீல் பீஸ் தனி. நோட்டீஸில் ஒரு கோடி கேட்டவர்கள்கூட வழக்கு என்று வரும்போது தொகையைச் சுருக்குவது இதனால்தான். அப்புறம், கேட்டதெல்லாம் கோர்ட் கொடுத்துவிடாது. மானம் போனதா, எவ்வளவு போனது என்று அவர்கள் காட்டவேண்டும்.

"ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு. 'ஒரு எட்டு வந்துட்டுப் போங்க'ங்கிறாங்க. போகணுமா?"

முதல் பதிலில் சொன்னதை நினைவில் வையுங்கள்: அவதூறு போலீஸ் தானாக விசாரிக்கும் குற்றம் இல்லை. நடுவரின் உத்தரவு இல்லாமல் அவர்கள் அதைப் புலனாய்வு செய்ய முடியாது. என்ன புகார், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் வரவேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ (இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய பிரிவு) என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவே இப்போது இல்லை. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படியும் சில ஸ்டேஷன்களில் அதில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால், இனி யார் மீதும் போடக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. வேறு ஏதாவது மிரட்டல், ஆபாசம் என்று பிரிவு சேர்த்திருந்தால் கதை வேறு. அப்போது வக்கீலோடு போங்கள்.

"நான் எழுதலைங்க. பிரண்டு எழுதினதை குரூப்ல பார்வர்டு பண்ணேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்பது உதவாது. 2018இல் நடிகர் எஸ்.வி. சேகர் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் எழுதிய பதிவைத்தான் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், மன்னிப்பும் கேட்டார். அப்படியும் வழக்கை ரத்து செய்ய 2023இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அது கடை ரிவ்யூ இல்லை, ஆனால் பகிர்ந்தவரும் பொறுப்பு என்பது அதில் தெளிவாகிவிட்டது.

ரிவ்யூ விஷயத்தில் இதில் இன்னொரு தொந்தரவும் உண்டு. பில் நண்பருடையது, போட்டோ நண்பருடையது. நாளைக்கு நிரூபிக்க வேண்டி வந்தால் உங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. குரூப் அட்மின்கள் பயப்படவேண்டாம். வேறொருவர் போட்டதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

"அவங்க கூகுளுக்கு எழுதினா கூகுளே தூக்கிடுமாமே?"

தன் விதிகளை மீறியிருந்தால் தூக்கும்: வசை, போலிக் கணக்கு, வாங்காமலே எழுதியது போன்றவை. வசை இல்லாமல் எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சட்டப்படி கட்டாயமாக நீக்க வைக்கவேண்டுமானால் நீதிமன்ற உத்தரவோ அரசின் உத்தரவோ வேண்டும், ஒரு கடைக்காரர் கடிதம் எழுதினால் மட்டும் போதாது. இதுவும் மேலே சொன்ன 2015 தீர்ப்பில் வந்ததுதான். புனைபெயரில் எழுதினால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். கோர்ட் கேட்டால் கூகுள் உங்கள் விவரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

"கேஸ் போட்ட அன்னைக்கே கோர்ட்டு ஸ்டே குடுத்துட்டா?"

கொடுத்த சம்பவங்கள் உண்டு. எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே கொடுத்ததும் உண்டு. ஆனால் 2024 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கும் ஜீ நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், வெளியானது பொய் என்றோ தீய நோக்கத்தோடு போட்டது என்றோ தெளிவாகத் தெரிந்தால் ஒழிய இடைக்காலத் தடை கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டுகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே 2011இல், கடலாமைகளுக்கு ஆபத்து என்று சொல்லி டாடாவைக் கிண்டலடித்து கிரீன்பீஸ் அமைப்பு வெளியிட்ட வீடியோ கேமுக்குத் தடை கொடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்திருக்கிறது.

பொருட்களைச் சோதித்து வீடியோ போடுபவர்கள் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாராசூட் தேங்காய் எண்ணெய் பற்றிய யூடியூப் வீடியோவை நீக்கச் சொல்லி 2020 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். விஷயம் பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. தன் வீட்டில் செய்து பார்த்த சோதனையை நம்பித்தான் அந்த வீடியோ இருந்தது. 2025 ஏப்ரலில் ஒரு புரத மாவு நிறுவனம் யூடியூபர்கள் மீது கேட்ட தடையை டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. அவர்கள் கையில் ஆய்வக அறிக்கை இருந்தது.

"பில்லுக்குப் பின்னாடி 'நிறுவனத்தைப் பற்றி எதிர்மறையாக எழுத மாட்டேன்'னு கையெழுத்து வாங்கிட்டாங்களே?"

இது இப்போது ஜிம், திருமண மண்டபம், முடி நடும் கிளினிக் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. அமெரிக்காவில் கிளியர்கியர் என்ற நிறுவனம் இப்படி ஒரு வரியைக் காட்டி, குறை எழுதிய தம்பதியிடம் 3,500 டாலர் அபராதம் கேட்டது. தம்பதி வழக்குப் போட்டு 2014இல் ஜெயித்தார்கள். 2016இல் இத்தகைய நிபந்தனை செல்லாது என்று அங்கே சட்டமே வந்துவிட்டது.

நம்மிடம் அப்படித் தனிச்சட்டம் இல்லை. இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற பிரிவு. ஒருதலைப்பட்சமாக நுகர்வோர் உரிமையைப் பாதிக்கும் நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லலாம். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்பதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் போடுவதற்கு முன்பே அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். நான் ஒரு ஜிம்மில் அப்படிச் செய்தேன். கவுண்டரில் இருந்த பெண் பார்க்கக்கூட இல்லை.

"எப்பவோ எழுதினதுக்கு இப்போ நோட்டீஸ் அனுப்புறாங்க, செல்லுமா?"

எழுதிய தேதியைப் பாருங்கள். சிவில் வழக்குக்கு வெளியான நாளிலிருந்து ஒரு வருடம், கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம். இணையத்தில் இன்னும் இருக்கிறது என்பதால் தினமும் புதிதாகக் கணக்குத் தொடங்காது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. பழைய ரிவ்யூவை எடுத்துப் புதிதாக எழுதிப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி கணக்கு ஆரம்பமாகலாம்.

"அவங்க மட்டும்தான் கேஸ் போடுவாங்களா? நாம போட முடியாதா?"

தாராளமாக. பலர் ரிவ்யூவோடு நின்றுவிடுகிறார்கள், அங்கேதான் எனக்கு வருத்தம். வாங்கியதில் குறை என்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்தால் அவர்களே நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள், சில சமயம் அங்கேயே முடிந்துவிடும். அதிகாரமுள்ள இடத்தில் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் தனி விதிவிலக்கும் இருக்கிறது.

"காசைத் திருப்பித் தர்றோம், ரிவ்யூவை எடுங்கங்கிறாங்க. வாங்கலாமா?"

யார் முதலில் பேசினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். குறையுள்ள பொருளுக்கு அவர்களாகப் பணத்தைத் திருப்பித் தந்தால் வாங்குவதில் தப்பில்லை. வாங்கியதை எழுத்தில் வையுங்கள். "அவதூறு வழக்கு எதுவும் தொடர மாட்டோம்" என்று அவர்களிடமும் ஒரு வரி வாங்குங்கள். நீங்களாகப் போய், "இவ்வளவு கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஸ்டார்" என்று கேட்டால் அது மிரட்டிப் பணம் பறித்தல் என்ற கணக்கில் போய்விடும். அதில் போலீஸ் தானாகவே வழக்குப் போடலாம்.

எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். என் சோபா கடைக்காரரும், நோட்டீஸுக்கு நான் போட்ட பதிலுக்கு அப்புறம் போன் செய்தார். வேறு ஆள் அனுப்பி நான்கு காலையும் மாற்றிக் கொடுத்தார். ரிவ்யூவை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை, கீழே ஒரு வரி சேர்த்தேன்: "நோட்டீஸுக்குப் பிறகு காலை மாற்றிக் கொடுத்தார்கள்." நட்சத்திரத்தை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன்.